பத்தொன்பது கிலோ பிடி

ஏப்ரல் 2

அண்ணா,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். கடைசிக் கடிதத்தில் "நீயும் அப்பா மாதிரிதான்" என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ பதில் போடவில்லை. போடாதது சரிதான். நான் எழுதியதை இப்போதும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று வந்துவிட்டது.

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். இடப்பக்கம், கீழே. ஐந்து மாதமாக ரத்தம் போயிருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை. நம் டயர் கடையில் மயங்கி, காற்றடிக்கும் மெஷின் மேல் விழுந்த பிறகுதான் தெரிந்தது. வேறெங்கும் பரவவில்லையாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால் பிழைத்துவிடுவார் என்றார் ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, ஸ்கேன் படத்தில் முதுகெலும்பை ஒட்டிய ஓர் இடத்தைப் பேனாவால் தட்டினார்.

"இங்க சதை இருக்கணும். இருக்கா பாருங்க."

நான் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்?

"வெயிட் எண்பத்தி நாலு. ஆனா இதெல்லாம் கொழுப்பு. தசை கரைஞ்சு போச்சு. பாக்க யானை மாதிரி இருக்கார், உள்ள தாங்குறதுக்கு ஆளில்ல. இப்படியே வெட்டினா தையல் சேராது. இருமக்கூடத் தெம்பிருக்காது, நெஞ்சுல சளி கட்டிக்கும், படுத்த படுக்கையாயிடுவார். நாலு வாரம் தர்றேன், உடம்பைத் தேத்திக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல தள்ள முடியாது."

அதன்பிறகு ஒரு நர்ஸ் அப்பா கையில் ஓர் இரும்புப் பிடியைக் கொடுத்து நசுக்கச் சொன்னாள். பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க மூன்று முறை நசுக்கினார். முள் பத்தொன்பது கிலோவில் நின்றுவிட்டது. இருபத்தெட்டு கிலோவாவது வேண்டுமாம்.

பத்தொன்பது. லாரிச் சக்கரத்தை ஒற்றைக் கையால் நிமிர்த்திய கை அது. லீவர் கம்பியால் என் காறை எலும்பை உடைத்த கை. அந்தக் கையைத் திரும்பவும் வளர்த்தெடுப்பதுதான் இனி என் வேலை. தினம் ஐந்து முட்டை, பால், பருப்பு, மீன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும், நாளைக்கு மூன்று வேளை. நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். செய்யச் செய்ய டிக் போட வேண்டும்.

அவர் பிழைக்க வேண்டும் என்று அம்மா அழுகிறாள். பிழைத்துப் பலம் வந்தால் அந்தப் பலம் யார் மேல் விழும் என்று அவளுக்கும் தெரியும். அவரும் உயிரோடு இருக்க வேண்டும், அம்மாவும் அடி வாங்கக் கூடாது. இரண்டும் ஒரே வீட்டில் நடக்குமா? கேட்பதற்கு உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

கொசு

ஏப்ரல் 9

கொசு,

இங்கே வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வார்டர், உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையாமேப்பா" என்றார். "அவரு எப்ப சார் சரியா இருந்தாரு?" என்றேன். நல்ல மனிதர், முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

பத்தொன்பதிலேயே நிற்கட்டும். முட்டையை நீ சாப்பிடு.

உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் எனக்கு இருக்கிறது. அம்மாவின் கீழ்வரிசைப் பல் இரண்டு. என் இடது காது. உன் காறை எலும்பு. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் அம்மா என்ன சொன்னாள்? பாத்ரூமில் வழுக்கிவிட்டது, பந்து பட்டுவிட்டது, பிள்ளை மாடிப்படியில் உருண்டுவிட்டது. நம் வீட்டுக்கு மாடியே கிடையாது, கொசு. மூன்று டாக்டர்கள் அதை எழுதிக்கொண்டு கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

நீ கடைசியாக எழுதியதற்குப் பதில் இது. டயர் மாற்ற வந்த அந்த லாரி டிரைவர் என் சட்டையைப் பிடித்தான், அவ்வளவுதான். என் கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர் இருந்தது. மூன்று அடி. முதல் அடியிலேயே அவன் தாடை உடைந்துவிட்டது என்று கோர்ட்டில் சொன்னார்கள். மூன்றாவது அடிக்கு ஒரு தேவையும் இல்லை. அந்த மூன்றாவதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ எழுதியதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லாததால்தான் பதில் போடவில்லை.

அவரைத் தேற்றாதே. டாக்டர் வெட்டட்டும், வருவது வரட்டும்.

அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில் இருந்தேன். அம்மா தட்டில் மூன்று முட்டை வைத்துக் கொடுத்தாள்.

"என்ன, என்னைக் கோழிக்குப் பொறந்தவன்னு நெனச்சியா?" என்றார்.

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"அவ சொன்னா அவளுக்குப் போடு."

தட்டு சுவரில் போய் மோதியது. அம்மா குனிந்து பொறுக்கினாள். குனிந்த தலையைப் பார்த்துப் பால் டம்ளரை எறிந்தார். எவர்சில்வர் டம்ளர், விளிம்பு புருவத்தில் பட்டுத் தோல் பிளந்துவிட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கிப் பாலோடு தரையில் கலந்தது. ஒரு டம்ளரை எறிய பத்தொன்பது கிலோ தாராளமாகப் போதும், அண்ணா. நான் கணக்குப் போட்டதில் அதுதான் விட்டுப்போயிருந்தது.

நான்கு தையல். அதே ஆஸ்பத்திரி. "எப்படிம்மா பட்டுச்சு?" "அலமாரிக் கதவு இடிச்சிருச்சு." நான் பக்கத்தில்தான் நின்றேன், நானும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா கேட்டாள்: "மத்தியானத்துக்கு மீன் வாங்கிறலாமா? அவருக்குச் சத்து வேணும்."

பலமில்லாமல் படுத்தாலும் அடிக்கிறார், பலம் வந்தாலும் அடிப்பார். பலமில்லாமல் செத்தால் அம்மா தன்னால்தான் செத்தார் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதனால் தேற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை எனக்கு. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வீடு. பகலெல்லாம் அம்மாதான் அவரோடு இருந்து டிக் போடுகிறாள். போட்டுவிட்டதாகச் சொல்கிறாள், ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் அவர் படுத்தே இருக்கிறார். அங்கே உங்களுக்கெல்லாம் உடம்பை வளர்ப்பதுதான் பொழுதுபோக்கு என்கிறார்கள். அவரை எப்படி எழுப்புவது? சொல்.

கொசு

ஏப்ரல் 20

கொசு,

அம்மாவின் புருவத்துக்காக எழுதுகிறேன், அவருக்காக அல்ல.

என் அறையில் குண்டு என்று ஒருவன். பெயருக்கு ஏற்ற ஆள்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் படுத்தான். பதின்மூன்றாம் நாள் கக்கூஸில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. நானும் இன்னொருவனும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். தசை போவதற்குச் சும்மா படுத்தாலே போதும். திரும்ப வருவதற்கு வலிக்க வேண்டும். தொடை நடுங்கும் வரைக்கும் எழுந்து உட்கார வேண்டும். நடுங்கிய பிறகு இன்னும் இரண்டு தடவை.

அவர் டாக்டருக்காகச் செய்ய மாட்டார். உயிருக்காகவும் செய்ய மாட்டார். அவரை எழுப்புவது ஒன்றே ஒன்றுதான் என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். கீழே எழுதியிருப்பதை என் கடிதம் என்று சொல்லி உரக்கப் படித்துக்காட்டு:

"கிழவனால முடியாது. எட்டாவது தடவை உக்காந்துடுவான். உள்ள எல்லார்கிட்டயும் பந்தயம் கட்டியிருக்கேன்."

படித்துவிட்டுத் தள்ளி நில். கைக்கு எட்டும் தூரத்தில் எதையும் வைக்காதே.

அண்ணன்

மே 1

அண்ணா,

படித்தேன். தள்ளியும் நின்றேன்.

நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "ஒண்ணு. அந்த நாய்க்கு." உட்கார்ந்தார். "ரெண்டு. ஜெயில்ல கெடக்குற நாய்க்கு." ஆறாவதில் முழங்கால் இரண்டும் ஆடின. எட்டாவதில் பாதியில் நின்றுவிட்டார். முகம் கறுத்து, வாயோரம் எச்சில் வடிந்தது. "கட்டினானா பந்தயம்? வரட்டும், வெளிய வரட்டும், கழுத்தைத் திருகுறேன்." பத்து முடித்தார். நான் டிக் போட்டேன். அவரைக் கோபத்தால் பிழைக்க வைக்கிறோம். அந்தக் கோபம் பிழைத்து எழுந்து எங்கே போகும் என்று இப்போது யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அது போன ஞாயிறு. அட்டவணையில் இப்போது ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நான் வருவதற்குள் மூன்று வேளையும் முடிந்துவிடுகிறது, முட்டைப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. புதன்கிழமை அம்மா தனியாகவே அவரைச் சோதனைக்குக் கூட்டிப்போனாள். மணிக்கட்டில் சுளுக்கு என்பதால் பிடியை நசுக்கச் சொல்லவில்லையாம். அட்டவணையைப் பார்த்து, "உங்களை மாதிரி வீட்டம்மா எல்லாருக்கும் கெடைக்கணும்"னு சொன்னார்களாம். சொல்லும்போது அம்மா முகத்தில் ஒரு களை இருந்தது. கொஞ்ச நாளாகவே அவளைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நாலாம் தேதி ஆபரேஷன்.

கொசு

மே 8

கொசு,

என்ன ஆயிற்று? வார்டர்கூடத் தினமும் கேட்கிறார், "கெழவர் தேறிட்டாரா?" என்று. முட்டைக் கணக்கு வரை அவருக்குத் தெரியும்.

உன் கடிதத்தை நேற்று ஒருவன் பிடுங்கிச் சத்தமாகப் படித்தான். கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தினேன். கால் தரையை விட்டு மேலே வந்துவிட்டது. குண்டுதான் என்னைக் கட்டிப்பிடித்து இழுத்தான். இல்லாவிட்டால் விட்டிருப்பேனா என்று தெரியவில்லை. கேட்டவர்களிடம் அந்த ஆள், தானே தடுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டான். அதனால் என் விடுதலைத் தேதிக்குப் பழுதில்லை. இந்தக் கடிதத்தை வார்டர் கண்ணில் காட்டாமல், விடுதலையாகிப் போகிற ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜூன் பதினொன்று.

எழுது.

அண்ணன்

மே 17

அண்ணா,

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. சேர்த்துத் தைத்த இடம் விட்டுப்போய் மலம் வயிற்றுக்குள் கசிந்திருக்கிறது. அன்றே மறுபடியும் கிழித்து, சீழைக் கழுவி எடுத்து, குடலை வயிற்றின் மேல் திருப்பிவிட்டுப் பை மாட்டினார்கள். அவரால் இருமி ஒரு சளியைத் துப்ப முடியவில்லை. நெஞ்சு இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டது. எட்டாம் நாள் மத்தியானம் நினைவு தப்பியதில் மூக்குக் குழாயைப் பிடுங்கினார், கழுத்தில் இருந்த ஊசியைப் பிடுங்கினார். மெத்தை நனைய ரத்தம். தடுக்க வந்த நர்ஸின் உதட்டைக் கிழித்துவிட்டார். பிறகு தானும் தரையில் விழுந்தார், மேல்தையல் நடுவில் பிரிந்துகொண்டது. உள்ளே இருப்பதை நான் பார்த்தேன், அண்ணா. அதை எழுத மாட்டேன்.

டாக்டரம்மா என்னை இரண்டாவது மாடி வராந்தாவுக்குக் கூப்பிட்டார். புது ஸ்கேனில் தசை முன்பைவிடக் குறைந்திருக்கிறதாம். "நாலு வாரம் இவ்வளவும் சாப்பிட்டு, இவ்வளவும் செஞ்ச உடம்பு இது இல்ல. என்கிட்ட மறைக்காதீங்க. எனக்கு உண்மை தெரிஞ்சாத்தான் இவரை எப்படி மீட்கிறதுன்னு நான் முடிவு பண்ண முடியும்."

வீட்டுக்கு வந்தேன். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த டிக்கெல்லாம் யாரு போட்டது?"

"நான்தான்."

"அவர் செஞ்சாரா?"

"நீ இருந்த ஞாயித்துக்கெழம செஞ்சாரு."

"மத்த நாளு?"

"'டிக்கப் போடு, இல்ல வெரல ஒடச்சிருவேன்'னாரு. போட்டேன்."

"முட்டை?"

அம்மா திரும்பவில்லை. "நான் தின்னேன்."

"நூத்திநாப்பது முட்டையுமா?"

"பின்ன, சாக்கடையிலயா கொட்டச் சொல்ற? பாலும் நான்தான் குடிச்சேன். அவரு சூப்பு மட்டும் ரெண்டு வாய் குடிப்பாரு."

"சுளுக்குன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான் சொன்னேன்."

பிறகு குழாயை மூடிவிட்டு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது மாதிரி மெல்லச் சொன்னாள்: "அந்த நாற்காலியில நானே எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன்டி. மூணு வேளையும். டிக் போட்டா யாராவது ஒருத்தர் செஞ்சிருக்கணும்ல."

"அந்த நர்ஸ்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"ஆஸ்பத்திரில உண்மையச் சொல்லிப் பழக்கமில்லடி."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு வாரநாளாவது அரைநாள் லீவு போட்டு வந்து பார்த்திருக்கலாம். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்ததும் எனக்குப் போதுமாக இருந்தது. 'அவரைத் தேற்றாதே' என்று நீ ஏப்ரலில் சொன்னதை நான் செய்யவில்லை. ஆனால் அது தானாகவே நடக்கும்போது அடுத்த தெருவில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் சொன்னால் அம்மாவை என்ன செய்வார்கள்? சொல்லாவிட்டால் அவரை எப்படிக் காப்பாற்றுவார்கள்?

கொசு

மே 23

கொசு,

அம்மா நாற்காலியில் எழுந்து எழுந்து உட்கார்ந்ததை நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். குண்டு "என்னடா"ன்னான். பல்வலி என்றேன். நமக்கெல்லாம் பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது பார்.

சொல்லச் சொல். நீ சொல்லாதே, அவளே சொல்ல வேண்டும். அவர் பிழைப்பதற்காகச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல், அப்போதுதான் சொல்லுவாள். ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிதான். ஏன் டிக் போட்டாள் என்று டாக்டர் கேட்பார். அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டால், அவர் தேறி வீட்டுக்கு வரும் நாள் மறுபடியும் அதே வீடுதான்.

அண்ணன்

ஜூன் 3

அண்ணா,

நீ எழுதியதை அம்மாவிடம் சொன்னேன், ஒரு வாரம் பிடிகொடுக்கவில்லை. வீட்டில் முருங்கைக் கொம்பு மாதிரி விறைத்துக்கொண்டு திரிந்தாள். நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைக்க வந்தாள். கால் இரண்டும் குச்சி. இரண்டு பேர் தூக்கினால்தான் நிமிர முடியும். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அம்மா. நிமிர்த்தும்போது வயிறு வலித்திருக்கும். வலது கையை ஓங்கி அம்மாவின் முகத்தைப் பார்த்து வீசினார்.

அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். காற்றிலேயே.

"விடுடி."

அவள் விடவில்லை. அவர் இழுத்தார். தோள் வரை நடுங்கியது, கை நகரவில்லை. இடது கையால் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், நகத்தால் கீறினார். அவள் புறங்கையில் ரத்தம் வந்தது. அவள் இன்னும் இறுக்கினாள். அவர் விரல்கள் வெளுத்துப்போயின. அவர் வாயிலிருந்து நாம் இதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது. வீட்டில் அந்தச் சத்தம் எப்போதும் அம்மாவுடையதாகத்தான் இருக்கும். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கோபமே இல்லை. எதையோ எடைபோட்டுப் பார்க்கிற முகம்.

டாக்டரம்மா எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை. "இவர் உங்களை அடிப்பாரா?" என்று கேட்டார்.

கையை விடாமலே அம்மா சொன்னாள். "ஆமா. முப்பத்திரெண்டு வருஷமா." அதற்குப் பிறகு நிற்கவில்லை. டிக், முட்டை, விரல், புருவம், பல், உன் காது, என் எலும்பு. எல்லாவற்றையும் அந்தக் கட்டிலருகே நின்றே சொன்னாள். அவர் படுத்துக்கொண்டு கேட்டார். பிறகுதான் கையை விட்டாள். அவர் மணிக்கட்டில் அவள் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

டாக்டரம்மா அம்மாவைத் திட்டவில்லை. இனி அவருக்கு உணவு குழாய் வழியாக, அளந்து. அம்மாவை அவரோடு தனியாக விடக் கூடாது என்று அவருடைய சீட்டிலேயே எழுதிவிட்டார். பிழைத்துவிடுவார் போலத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்து நடக்க நாலு மாதமாவது ஆகும், ஆளும் பழைய ஆள் ஆக மாட்டார். நீ எப்போது வருகிறாய் என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். நாய் என்று சொல்லவில்லை.

வந்துவிடு, அண்ணா. அவரைத் தூக்கவும் இறக்கவும் பலமான ஆள் வேண்டும். அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம்.

கொசு

ஜூன் 8

கொசு,

பதினொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு விட்டுவிடுவார்கள்.

அம்மா மணிக்கட்டைப் பிடித்த இடத்தை ஏழு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் கத்தினான். மூன்றாம் தடவை படிக்கும்போது என் கை போர்வையை முறுக்கிக்கொண்டிருந்தது. அம்மா விட்ட இடத்தில் நான் விடவில்லை. என் மனதுக்குள் அவர் மணிக்கட்டு எலும்பு உடைந்தது. உடைந்த சத்தம் கேட்டது. நன்றாக இருந்தது. ஏழாம் தடவையும் நன்றாகத்தான் இருந்தது.

இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருவனை எழுந்து நிற்க முடியாத ஆளின் கட்டிலருகே நிறுத்தாதே. தூக்குவதற்கு என்று வருவேன். முதல் நாள் ஒழுங்காகத் தூக்குவேன். மூன்றாம் நாள் அவர் ஏதாவது சொல்லுவார். அதன்பிறகு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கூலிக்கு ஆள் வை. ஆஸ்பத்திரி மாடிக்கு நான் வர மாட்டேன். அவர் கேட்டால் இதை அப்படியே படித்துக்காட்டு, ஒரு வரியும் விடாதே.

ஆனால் ஊருக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே டீக்கடை ஏதாவது இருக்கும். பன்னிரண்டாம் தேதியிலிருந்து தினமும் காலையில் அங்கே உட்கார்ந்திருப்பேன். அம்மாவை இறக்கி அனுப்பு. ஒரு டீ குடிக்கட்டும். அவள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. திரும்ப மேலே போகிறேன் என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுகிறேன். போக மாட்டேன் என்று என்றைக்காவது சொன்னால், அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நடக்க எனக்குக் காலில் தெம்பு இருக்கிறது.

அண்ணன்